வெள்ளம் கூடிப்போயி

பாறசாலை ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் சாயாக்கடையில் நேற்றுக் காலை மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. முதல் தண்ணீரை வடித்து ஊற்றும்போது எழும் அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவோடு போன உன் மனைவி சுஜா நின்று, இன்னொரு தண்ணீர் மாற்றச் சொன்னாள். இது விஷக்கட்டு உள்ள கிழங்கு இல்லை, ஒரு தண்ணீர் போதும் என்று கடைக்காரர் சிரித்தார். அவள் நகரவில்லை. அவர் மாற்றுகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நாம் அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் தனுவச்சபுரத்திலிருந்து புறப்படுவோம். செங்கல் கோயிலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு அமரவிளைப் பாலம் வரை ஓடித் திரும்புவோம். நீ வயரிங் வேலைக்காரன், ஏணி ஏறி உரமேறிய கால். நான் ஆபீசில் நாற்காலி தேய்க்கிறவன், டாக்டர் பயமுறுத்தி ஓட வந்தவன். உன் இடுப்புப் பையில் உப்புப் போட்டு அவித்த மரச்சீனித் துண்டுகளும் பாதி ஏத்தன் வாழைப்பழமும் இருக்கும். கையில் உப்புக் கஞ்சித்தண்ணீர்க் குப்பி. எட்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி நிதானமாகத் தின்பாய். நான் ஓட்டக்காரர்களுக்கென்று விற்கும் இனிப்பு ஜெல் பாக்கெட்டைக் கடித்துப் பிதுக்குவேன். “பாக்கெட்டில உள்ளது வாய்க்காக்கும் மக்கா, காலுக்குக் கிழங்குதான்” என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். ஏனென்றால் இருபதாவது கிலோமீட்டரில் நீ பாடிக்கொண்டு ஓடுவாய், நான் நாக்குத் தள்ளிக்கொண்டு பின்னால் வருவேன்.

திருவனந்தபுரத்தில் நடந்த அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். புறப்படும் இடத்தில் எல்லாரும் புதுச் சட்டையும் புது ஷூவுமாகப் பளபளவென்று நின்றார்கள். நீ சுஜா அவித்துக் கொடுத்த மரச்சீனிப் பாத்திரத்தைத் திறந்தாய். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவுதான், என் மானம் கப்பலேறிவிட்டது.

“எலே, இங்க வந்தும் மரச்சீனியா? நாணம் கெடுத்தாதே. குடிக்க வெள்ளம் எல்லா இடத்திலயும் உண்டு” என்றேன்.

நீ சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. “உனக்காக ஆக்கும் மக்கா” என்று என்னிடம் சொல்லி, பாத்திரத்தையும் குப்பியையும் என் பையில் வைத்தாய். பையைப் புறப்படும் இடத்திலேயே ஒப்படைத்துவிட்டு ஓடினோம். நான் தந்த ஜெல்லை ஒரு வாய் வைத்துத் துப்பினாய். அதன்பிறகு வழிநெடுகப் போட்டிருந்த ஒவ்வொரு மேசையிலும் வெறும் தண்ணீர்தான் குடித்தாய், அதுவும் குவளை குவளையாக. முப்பதாவது கிலோமீட்டரில் தலை வலிக்கிறது என்றாய். கொஞ்ச தூரம் போனதும் மோதிரம் விரலை இறுக்குகிறது என்றாய். பிறகு வாந்தி எடுத்து, சாலையோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்து யார் என்று கேட்டாய். சுற்றி நின்றவர்கள் வெள்ளம் கொடு, வெள்ளம் கொடு என்றார்கள். கொடுத்தது நான். உன் தலையைத் தாங்கிக்கொண்டு ஒரு குப்பித் தண்ணீரையும் உன் வாயில் ஊற்றினேன். படுபாவி நான்.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சுஜாவிடம் மலையாளத்தில் சொல்லத் தொடங்கினார். “வெள்ளம் கூடிப்போயி”, தண்ணீர் அதிகமாகிவிட்டது, என்றதுமே அவள் சரிந்துவிட்டாள். வெறும் தண்ணீராகக் குடித்ததில் ரத்தத்தில் உப்புக் குறைந்து மூளை வீங்கிவிட்டது என்று அவர் சொன்ன மீதியை நான் மட்டும்தான் கேட்டேன்.

பதினாறு கழிந்த பிறகுதான் என் பையைத் திறந்தேன். கிழங்கு பூசணம் பிடித்திருந்தது. தென்னை மரத்து மூட்டில் கொட்டி, பாத்திரத்தைக் கழுவி, கொண்டுபோய்ச் சுஜாவிடம் கொடுத்தேன். தின்றாரா என்று அவள் கேட்டாள். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றான் என்றேன். கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நேற்று அவள் பின்னாலேயே போய், அந்த இன்னொரு தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். இரண்டு வருஷமாக வீட்டில் மரச்சீனியே வாங்குவதில்லையாம். ஓட்டத்தன்றைக்கு நேரமாகிவிட்டதென்று நீ அவசரப்படுத்தினாயாம். அதனால் ஒரே ஒரு தண்ணீர்தான் வடித்தாளாம்.

“டாக்டரே சொன்னாருல்லா, வெள்ளம் கூடிப்போயின்னு. கிழங்கில நின்ன விஷ வெள்ளமாக்கும் அண்ணா. நான்தான் அவியள கொன்னேன்.”

ஒரு துண்டும் மிச்சமில்லை என்று நான் புளுகாமல் இருந்திருந்தால் அவளுக்கு இப்படி ஒரு நினைப்பு வந்திருக்குமா? அந்த ரோட்டிலேயே நின்று சொன்னேன். நீ அதைத் தொடவே இல்லை, எனக்கு வெட்கம் என்பதற்காக உள்ளே வைத்தாய், தென்னை மூட்டில் கொட்டியது நான், கடைசித் தண்ணீரை ஊற்றியதும் நான். செருப்பைக் கழற்றுவாள் என்று காத்து நின்றேன். கழற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகமாவது தெளியும் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பம் அவிய பசியோடயா அண்ணா ஓடினாவ?”

தெரியாது என்றேன். இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் நீ என் தோளைத் தொட்டு, பசிக்கிறது மக்கா என்றாய். முடித்துவிட்டுத் தின்னலாம் வா என்றேன். அதை மட்டும் அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை.