அப்பா கழுவிய கேத்தல்

ஊஸ்டர்
சுவிற்சர்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் மிதுஷாவுக்கு,

அப்பாவும் நானும் சுகம். வான்கூவர் மழைக்குள் நீயும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து சூரிச்சுக்கு விஞ்ஞானப் போட்டிக்கு வந்த பிள்ளைகளின் கதையைப் போனில் கேட்டாய், அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள், நான் சொன்னதில் பாதியும் உனக்குக் கேட்டிராது, அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வென்றுவிட்டார்கள். ஆனால் உன் அப்பா அவர்களைத் தோற்கடிக்கப் பார்த்தார், அதையும் நீ அறிய வேண்டும்.

வந்தது மூன்று பெண் பிள்ளைகளும் புனிதவதி ரீச்சரும். தமிழ்ப் பாடசாலை ஆட்கள் கேட்டதால் எங்களோடு தங்கினார்கள், பிள்ளைகள் உன் அறையில்தான் படுத்தார்கள். அவர்களுக்குத் தலைவி கோசலா, பதினேழு வயது, ஆள் மெல்லிசு, கதை மட்டும் பெரிய மனிசி போல. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு படியும், நீ விடுமுறைக்குப் போனபோது சோப் நுரைக்கவில்லை என்று சண்டை பிடித்தாயே. அந்தச் சுண்ணாம்பை எடுக்கத் தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பதப்படுத்தி ஒரு வடிகட்டி செய்திருந்தார்கள். அத்தாட்சிக்கு இரண்டு சில்வர் கேத்தல்கள். ஒன்றில் வருடம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே கொதிக்க வைத்ததால் உள்ளே முட்டைக்கோது போல வெள்ளையாகத் தடித்திருந்தது, வடித்த தண்ணீர் கொதித்த மற்றது சுத்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவர்களுக்குக் காட்டுவதுதான் எண்ணம்.

போட்டிக்கு முதல் நாள் பிள்ளைகளை ஏரி பார்க்கக் கூட்டிப்போனேன். அந்த நேரம் அப்பா வேலையால் வந்து குசினியில் அந்தக் கேத்தலைக் கண்டிருக்கிறார். எங்கடின் மலைப்பக்கத்து ஹோட்டல்களிலும் இப்போது முதியோர் இல்லத்திலும் கோப்பி மெஷினில் கல்க் என்கிற இந்தச் சுண்ணாம்பை எடுத்து எடுத்துப் பழகிய கை. பாவம் பிள்ளையள், தேத்தண்ணி வைக்கக் கேத்தலும் காவிக்கொண்டு வந்திருக்குதுகள், இந்தக் கோலத்திலை கண்டால் வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம் என்று கல்க் எடுக்கிற மருந்து ஊற்றி ஊறவைத்துத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கிவிட்டார். போதாததற்கு, வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று உள்ளே சொக்கலேட்டும் போட்டு மூடிவைத்து, நாங்கள் வந்ததும் பெருமையாகத் திறந்து காட்டினார். இரண்டு கேத்தலும் இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டா, மற்ற இரண்டு பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள். விஷயம் விளங்கியதும் அப்பா பல்கனிக்குப் போய் நின்றார்.

கோசலா அழவில்லை. மருந்துப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு பல்கனிக்குப் போய், அங்கிள், இந்தச் சாமானை இங்கை ஏன் விக்கிறாங்கள் என்று கேட்டாள். இங்கத்தைத் தண்ணியும் அப்பிடித்தானே பிள்ளை என்றார் அப்பா. அப்ப இந்த ஊரிலை கழுவாத கேத்தல் ஒண்டும் இல்லையோ என்றாள். அப்பாவுக்கு உயிர் வந்தது. எங்கள் வீட்டில் கிடைக்காது, சனிக்கிழமை தவறாமல் தேய்க்கிறவரல்லவா. அதனால் அவளோடு அக்கம்பக்கத்தில் கேட்கப் புறப்பட்டார். பக்கத்துக் கட்டிடத்துக் கஜலக்சுமி அன்ரி, என்ரை மானம் போயிடும் என்று கதவைச் சாத்தப் பார்த்தா, பெயர் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் தந்தா. கீழ்வீட்டுச் சுவிஸ்காரி பிராவ் ஹூபர் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்து, தன்னுடையதையும் தங்கச்சியினுடையதையும் எடுத்துத் தந்தா.

அடுத்த நாள் மண்டபத்தில் மற்ற நாட்டுப் பிள்ளைகள் ரோபோ என்றும் ட்ரோன் என்றும் வைத்திருக்க, எங்கள் பிள்ளைகளின் மேசையில் ஊஸ்டர் ஊத்தைக் கேத்தல்கள் வரிசையாக. நடுவர் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, உங்கள் நாட்டுத் தண்ணீர் இவ்வளவு மோசமா என்று கேட்டா. இது உங்கடை தண்ணி, மேடம், உங்கடை வீட்டிலையும் இப்பிடி ஒண்டு இருக்குமே என்று கோசலா ஆங்கிலத்தில் சொல்ல, அவ சிரித்துவிட்டு, ஓம், இதைவிட மோசம் என்றா. உடனே கோசலா மண்டபத்துக் குழாய்த் தண்ணீரையே இரண்டு போத்தலில் எடுத்தாள், ஒன்று அப்படியே, மற்றது வடித்தது, சோப் போட்டுக் குலுக்கினாள். ஒன்று திரைந்த பால் போலக் கலங்கி நின்றது, மற்றதில் நுரை பொங்கி வாயால் வழிந்தது. நடுவர் அம்மா மற்ற நடுவர்களையும் கூப்பிட்டா. சனம் கூடியதும் கஜலக்சுமி அன்ரி, அந்த நடுக்கேத்தல் என்ரை என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னா.

தண்ணீர்ப் பிரிவில் முதற் பரிசு, மகள்! தங்கள் கிணற்றுக்குச் செய்ததை எங்கள் தண்ணீரிலும் நிரூபித்துக் காட்டினார்கள் என்று மேடையில் சொன்னார்கள். அப்பா பின்னுக்கு நின்று விசிலடித்தார், அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கழுவாட்டில் இரண்டாம் இடம்தான் என்று இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

வெளிக்கிடும்போது கோசலா, அப்பா கழுவிய அந்தக் கேத்தலை அவர் கையில் கொடுத்து, இது இனி உங்களுக்குத்தான் அங்கிள், நாங்களும் வெறும் பாத்திரம் குடுக்கிறேல்லை என்றாள். திறந்தால் உள்ளே பரிசு வாங்கிய வடிகட்டி. அதைக் குழாயில் பூட்டிவிட்டார். கேத்தலில் ஒரு பொட்டும் படியவில்லை, சனிக்கிழமை தேய்க்க ஒன்றுமில்லாமல் குசினிக்குள் சுற்றுகிறார். அதனால் சனிக்கிழமைகளில் நீ அவரோடு கதை, மறக்காதே. என்னோடு கதைத்தது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நனைந்த தலையோடு படுக்காதே. எடுத்த காரியமெல்லாம் உனக்கும் கைகூட இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா