வெள்ளைக்கல்லடியில் நின்ற ஆனை

3.6.1956

இன்று கம்பு வெட்டக் காட்டுக்குள் போய் வழி தவறிவிட்டேன். சுற்றிச் சுற்றி நடந்து, தொண்டை வறண்டு, கடைசியில் மானத்தை விட்டு "ஆராவது இருக்கிறியளோ?" என்று கத்தினேன். பற்றைக்கு அந்தப் பக்கமிருந்து மகள் அருந்ததியின் குரல்: "அப்பா, எங்கடை கோடிக்கை நிண்டு ஏன் கத்துறியள்?" நின்றது என் வீட்டுக்குப் பின்புறம்! குசினி அடுப்படியில் மனைவி நாகேஸ்வரி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வீடு வந்துவிடும். இந்தக் குடியேற்றத்துக்கு வந்து ஒரு வருடமாகிறது, வேலி என்று ஒன்றைக் காணவில்லை. கிழக்கே குளக்கட்டு. மேற்கே வாய்க்கால். வடக்கே காடு. காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் இரட்டைப் பாலைமரம், எதிரே ஆள் உயரத்துக்கு வெள்ளைக்கல். அதுவரைக்கும்தான் என் பூமிசாஸ்திரம். அங்காலே எல்லா மரமும் ஒரே மரம்.

7.6.56

காட்டால் திரும்பும்போது பார்த்தேன், இரட்டைப் பாலையின் கவட்டில் யாரோ பச்சைக்குழை முறித்துச் செருகியிருக்கிறார்கள். போகும்போது இருக்கவில்லை.

10.6.56

மறுபடியும் புதுக்குழை. யார்? எதற்கு?

12.6.56

புதுப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வந்தார். "எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணின பிள்ளையை வீட்டிலை வைச்சிருக்கிறியளே! சின்ன வகுப்புக்குப் படிப்பிக்க அனுப்புங்கோ" என்றார். அருந்ததிக்குத் தலைகால் புரியவில்லை. தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். அந்த மனிதரும் குடித்தார்.

பள்ளிக்கூடம் காட்டுப்பாதையின் மறுதலையில். இரட்டைப் பாலையைத் தாண்டித்தான் போகவேண்டும். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

யோசித்தது பள்ளிக்கூடத்தை அல்ல. அந்தக் குழையை.

15.6.56

பிடித்துவிட்டேன். நான் காட்டுக்குப் போகிற நாளில் மட்டும்தான் குழை வருகிறது. வயலில் நிற்கிற நாளில் இல்லை. அப்படியென்றால் — தகப்பன் வீட்டில் இல்லை என்று யாரோ யாருக்கோ அடையாளம் வைக்கிறார்கள். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு. இதற்கு மேல் விளங்க நான் என்ன படித்திருக்கவேண்டும்? எட்டாம் வகுப்பே போதும்.

நீர்ப்பாசனக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் பெடியன் ஒருவன் எங்கள் படலையடியில் மட்டும் சைக்கிள் மணி அடிக்கிறான். மறித்துக் கேட்டேன்.

"என்ன தம்பி, மணிச் சத்தம்?"

"உங்கடை மாடு வழியிலை படுத்திருக்கு அண்ணை."

மாடு படுத்திருந்தது உண்மைதான். ஆனால் ஏன் அங்கே போய்ப் படுக்கிறது? மாடும் கூட்டோ?

18.6.56

சொல்லிவிட்டேன். "பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அடுத்த கிழமை பளைக்கு மாமி வீட்டை போய் இரு."

"ஏன் அப்பா?"

"ஏனெண்டால் ஏன்தான்!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சந்தேகம் கூடியிருக்கும். அழாததாலும் கூடியது.

21.6.56

காட்டுக்குப் போகிறேன் என்று கத்தியை எடுத்துக்கொண்டு போய், வெள்ளைக்கல்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். முசுறு எறும்பு ஏறிக் கடித்தது. மூச்சு விடவில்லை.

வந்தது அருந்ததி. கூட வந்தது பெடியன் இல்லை, பக்கத்துக் காணி இராசமலர். இந்த மண்ணிலேயே பிறந்தவ. அருந்ததி ஒரு கொப்பை முறித்துக் கவட்டில் செருகிக் கும்பிட்டாள்.

"காட்டுக்குப் போற ஆள்தானடி காவலுக்குக் குழை முறிச்சுப் பிள்ளையாருக்கு வைக்கவேணும். உன்ரை அப்பருக்கு என்ன, கை இல்லையே?"

"அவருக்கு இந்தப் பக்கத்துப் பழக்கம் தெரியாதக்கா. சொன்னால், எனக்குப் படிப்பிக்க வந்திட்டியோ எண்டுவார். அதுதான் அவர் போனாப்பிறகு நான் வந்து வைக்கிறனான். கோடிக்கையே துலையிற மனிசன். ஆனையைக் கண்டாலும் ஆரின்ரையோ எருமை எண்டு கலைக்கப் போவார்."

"பளைக்குப் போனாப்பிறகு ஆர் வைக்கிறது?"

"அதைக் கேக்கத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான். நீங்கள் வைக்கிறியளோ அக்கா?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அசைந்துவிட்டேன். பற்றை சடசடத்தது. "ஐயோ, ஆனை!" என்று இராசமலர் கத்த, இரண்டு பேரும் பறந்துவிட்டார்கள்.

நான் வெகுநேரம் அங்கேயே இருந்தேன். முசுறு கடித்தது. கடிக்கட்டும் என்று இருந்தேன்.

22.6.56

பளைக்குப் போகவேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். நாகேஸ்வரி முந்திக்கொண்டா.

"வெள்ளைக்கல்லடியிலை ஆனை நிக்குதாம். அந்தப் பாதையாலை என்ரை பிள்ளை போகாது."

"அங்கை ஆனை இல்லையப்பா" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது? மாமிக்காரி நாள் வேறு குறித்துவிட்டா. பார்த்தேன். "ஆனையைக் கலைக்க நானே தகரம் தட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

"நீங்களோ! வழி தெரியுமோ?"

"பிள்ளைக்குத் தெரியும்தானே."

அருந்ததி குசினிக்குள் ஓடிவிட்டாள். இன்றைக்குத்தான் அழுதாள்.

2.7.56

முதல் நாள். அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு, மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு. கந்தோர்ப் பெடியன் சைக்கிளால் இறங்கி வழிவிட்டான். நல்ல பெடியன் போலத்தான் இருக்கிறது. பார்ப்போம்.

14.10.56

அருந்ததி மூன்றாம் வகுப்புக்கு எங்கள் ஊரின் இயற்கை அடையாளங்கள் படிப்பிக்கிறாளாம். குளம், வாய்க்கால், இரட்டைப் பாலை, ஆனைக்கல்லடி என்று பிள்ளைகள் பாட்டாய்ச் சொல்கிறார்களாம். வெள்ளைக்கல்லடி என்று இப்போது ஒருவரும் சொல்வதில்லை.

"ஆனை சரியாய் எவ்விடத்திலை நிண்டது ரீச்சர் எண்டு கேக்குதுகள் அப்பா. நாங்கள் திரும்பிப் பாராமல் ஓடினனாங்கள். உங்களுக்குத் தெரியுமோ?"

"கல்லுக்கு வடக்குப் பக்கம்" என்றேன். "குந்தியிருந்தது."

"ஆனை குந்துமோ அப்பா?"

"களைச்சால் குந்தும்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு படம் கீறப் போய்விட்டாள்.

எந்த ஆனை என்று நான் சொல்லவில்லை.