அவளுக்காகப் பார்த்த ஆறு மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் மூட்டுவலி இப்ப தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாரா?

ஒரு சின்ன விஷயம், பதறாதே. மாணவர் விசாவுல வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். என் அறைத்தோழி காய்ச்சல்ல படுத்துக்கிட்டு கெஞ்சினாளேன்னு, நூலகத்துல என் இருபதோட அவளோட ஆறு மணி நேரத்தையும் நானே பார்த்தேன். இப்ப விசா அலுவலகத்துல விளக்கம் கேக்குறாங்க, அங்க உக்காந்துதான் இதை எழுதுறேன். என்னைப் பத்தி அவங்களுக்கு எழுதிப் போட்டதே அவதான். அடுத்த பருவத்துக்கு நூலகத்துல ஒரே ஒரு இடமாம். கேட்டதுக்கு, "விதின்னா விதிதானேடி"ங்கிறா, என் தலையணையில சாய்ஞ்சுக்கிட்டே.

பீரோவுல என் நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கும், உடனே அனுப்பு. என் டோக்கன் நம்பரைக் கூப்பிடுறாங்க, முடிச்சுக்கிறேன்.

அவளுக்குன்னு பின்ன ஆரம்பிச்சியே ஒரு ஸ்வெட்டர், அதைப் பிரிச்சுடும்மா.

உன் மகள்