அராவப்பட்ட முகம்

வெள்ளிக்கிழமை, இரவு.

நான் சொக்கலிங்கம், பழங்காசுகளை ஆராய்பவன். இன்று பாகலூரில் தங்கை வீட்டில் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைக்கவே அமர்ந்திருக்கிறேன்.

அவர்கள் தோட்டத்தில் குழி தோண்டியபோது ஒரு ரோமானிய வெள்ளிக் காசு கிடைத்தது. அதை வட்டாட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும், அதுவரை கழுவவோ திருநீறு போட்டுத் தேய்க்கவோ கூடாது என்று போன வாரமே சொல்லியிருந்தேன். ஒரு பக்கம் பேரரசனின் தலை; அதைச் சுற்றியிருந்த பெயர் மண் படிந்து படிக்க முடியாமல் இருந்தது. மறுபக்கம் கையில் கிளையுடன் அமர்ந்த ஒரு பெண்.

இன்று அந்தக் காசு வெள்ளித் தகட்டில் பற்றவைக்கப்பட்டு, குங்குமம் இட்டுப் பூசையறையில் தொங்குகிறது.

“கையில வேப்பிலை இருக்குது பாருங்க, மாரியாத்தாளேதான்ண்ணா,” என்றாள் தங்கை. “ஆத்தாளுக்குப் பின்னாடி ஆம்பள மூஞ்சி எதுக்கு? ஆசாரிகிட்ட குடுத்து அராவிட்டேன். நீங்க சொன்னாப்ல ஒரு சொட்டுத் தண்ணி படவிடல.”

அவள் கணவர் சிரித்தார். “உங்க ராசா முன்னயே மொழுமொழுன்னுதான் இருந்தாரு மச்சான்.”

அராவக் கூடாது என்று நான் சொல்லியிருக்கவில்லை. பெண்ணைச் சுற்றியுள்ள லத்தீன் எழுத்துகள் தப்பியுள்ளன. ‘தலைமைப் பூசகர்’ என்று பொருள். அந்தப் பட்டம் தாங்கிய பேரரசன் யார் என்பது அரப்பொடியோடு போய்விட்டது.

“ஆத்தாள எடுத்துட்டுப் போனீங்கன்னா இந்த வீட்டுப் படி மிதிக்காதீங்கண்ணா,” என்றாள்.

காசை ஒப்படைப்பது பற்றி வட்டாட்சியருக்கு எழுதிவைத்திருந்த மனுவை, அது அராவப்பட்டதையும் சேர்த்துத் திருத்தி எழுதிவிட்டேன். முகம் திரும்பாது, தங்கையும் இனிப் பேசமாட்டாள். ஆயினும் திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகம் திறந்ததும் மனுவைக் கொடுப்பேன்.