இருபத்தொரு சட்டி பொப்பா மண்

21 ஜூலை 2025, திங்கள்

இன்று மண்ணிடம் தோற்றேன். வேனிலிருந்து முதல் மூட்டையை இறக்க வழக்கம்போல் மூச்சைப் பிடித்து, பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தேன். மூட்டை பாதி எடைகூட இல்லை. இழுத்த வேகத்தில் பின்னால் போய் மழைத்தண்ணீரில் உட்கார்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் தட்டச்சு செய்யும் மெஹ்ரீன் சன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

இருபத்திரண்டு வருடமாக மண் சோதிக்கிறேன். இப்படி ஒரு மண் கைக்கு வந்ததில்லை. பொப்பா மலையின் காட்டுச் சரிவிலிருந்து ஆறு மூட்டை. எப்போதோ எரிமலை கக்கிய சாம்பல், மரங்களுக்கு அடியில் கிடந்து கிடந்து மண்ணாகியிருக்கிறது. நல்ல கறுப்பு. தொட்டால் மெத்தென்று இருக்கிறது, பிழிந்தால் தண்ணீர் வருகிறது. ஆனால் ஒருதரம் காய்ந்துவிட்டால் அவ்வளவுதான். எத்தனை குடம் ஊற்றினாலும் பழைய மண் ஆகாது. ஆகவே ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்.

எங்கே வைப்பது? கூடத்தில் மின்சாரம் வருவதே விருந்தாளி மாதிரி. குளிர் அறை இப்போது மெஹ்ரீனின் குடைகள் காயும் அறை. முதலாளி சயா ஊ மின் தேய்ன் (ஐயா என்பதற்கு இங்கே சயா) யோசித்துவிட்டுச் சொன்னார்: "சபா, உன் வீட்டுப் பின்னறை இருட்டாத்தானே இருக்கும்?" இருட்டாகத்தான் இருக்கும். தாமுவேயில் எங்கள் சந்தில் எல்லா வீட்டுப் பின்னறையும் இருட்டுதான்.

வீட்டில் மூட்டைகளை இறக்கிவிட்டு மனைவி வேலம்மாவிடம் சொன்னேன்: வெளிச்சம் படக்கூடாது, ஈரம் காயக்கூடாது, கண்டவர்கள் தொடக்கூடாது. எதற்கு என்று சொல்ல மறந்துவிட்டேன். வேன்காரர் அவசரப்படுத்தினார். மலைத் தெய்வங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏற்றிய மண்ணாம், அந்தத் தெய்வங்களுக்குப் பன்றிக்கறி ஆகாதாம், எங்கள் எதிர்வீட்டுக் கறிக்கடை முன்னால் வேனை நிறுத்தமாட்டாராம்.

23 ஜூலை, புதன்

நாளை வேலை ஷ்வேப்யிதாவில். ஒரு தொழிற்சாலை அஸ்திவாரத்துக்கு மண் எடுக்க வேண்டும். இரண்டு நாள் அங்கேதான் தங்கல்.

26 ஜூலை, சனி

திரும்பி வந்தால் பின்னறைக் கதவில் வேப்பிலை. உள்ளே பெண்கள் பேச்சு.

இந்த வருடம் எங்கள் தெரு முளைப்பாரி வேலம்மா பொறுப்பு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை. நேற்று ஆடி வெள்ளி. இருபத்தொரு அலுமினியச் சட்டியில் மண் நிரப்பி, நவதானியம் விதைத்து, விளக்கேற்றிவிட்டார்கள். ஐந்தரை மூட்டை காலி.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இருபத்தி நாலு வருசத்துல ஒரு முழம் பூ வாங்கியாந்ததில்ல நீங்க. பாரி எம் பொறுப்புன்னு தெரிஞ்சு பொப்பாவிலேருந்து மண்ணு வரவழைச்சிருக்கீங்களே. வெளிச்சம் படக்கூடாது, ஈரம் காயக்கூடாதுன்னு சொன்னப்பவே புரிஞ்சுபோச்சுங்க."

நான் என்ன சொன்னேன்? "ம்" என்றேன். அவ்வளவுதான். அந்த "ம்" என்னை எங்கே கொண்டுபோய் விடப்போகிறதோ.

27 ஜூலை, ஞாயிறு

முளைப்பாரி அறைக்குள் ஆண்கள் காலெடுத்து வைக்கக்கூடாது, எட்டியும் பார்க்கக்கூடாது. உள்ளே போனது எதுவும் பாரி எடுக்கும் நாள்வரை வெளியே வராது. மிச்சமிருக்கும் அரை மூட்டையும் அப்படித்தானாம். சயாவுக்கு வியாழக்கிழமைக்குள் முடிவுகள் வேண்டும். என் வீட்டில், என் பொறுப்பில் உள்ள மண். நடுவில் ஒரு பலகைக் கதவு.

28 ஜூலை, திங்கள்

கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன், நோட்டோடு. "அம்மனுக்கு மண்ணு ஒத்துக்குதான்னு பார்க்கணும், வேலு" என்றேன். இரண்டாவது பொய். முதல் பொய்க்குத் துணைக்கு ஆள் வேண்டாமா?

"அந்த அரை மூட்டையில கொஞ்சம் எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேயி."

"சோப்பு மாதிரி வழுக்குதுங்க."

"உருட்டி உள்ளங்கையில வச்சு அழுத்து."

"கெட்டியா இருக்கு."

"இப்ப அந்தக் கையை இன்னொரு கையால நாலு தட்டு தட்டு."

நாலு தட்டு கேட்டது. பிறகு ஒரு கூச்சல். "அய்யோ, பளபளன்னு தண்ணி விடுதுங்க! கஞ்சியாப் போச்சு! விரலு சந்துல ஓடுது!"

"தட்டாம அப்படியே வச்சிரு."

"...மறுபடி கெட்டியாயிருச்சு. என்னாங்க இது, மண்ணா ஊமைக்குசும்பனா?"

எழுதிக்கொண்டேன். புத்தகத்தில் படித்ததுதான். இந்த மண் தன்னைவிட அதிகமாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கும். உலுக்கினால் அத்தனையையும் விட்டுவிடும். ஆனால் அவள் குரலில் கேட்டபோதுதான் பயமே வந்தது. இவளுடைய தம்பி முருகையா அடுத்த மாதம் அந்தச் சரிவுக்குத்தான் போகிறான். அங்கே ஒரு கம்பெனி ஓட்டல் கட்டுகிறது, அதற்குத்தான் இந்தச் சோதனை; இவன் தலைமைக் கொத்தனார். மரத்தையெல்லாம் வெட்டி மேலே நாற்பது அறை, அடிவாரத்தில் வேலையாட்களுக்கு வரிசை வீடு. அவனுக்கும் அவன் மனைவி சுனிதாவுக்கும் அதில் முதல் வீடு.

29 ஜூலை, செவ்வாய்

கதவிடுக்கு வழியாகச் சோதனைக் காகிதமும் மருந்துக் குப்பியும் கொடுத்தேன். விஷம், கையை மூன்று தரம் கழுவு என்று சொன்னேன். காகிதத்தில் மண்ணை வைத்து ஒரு சொட்டு விட்டால், சாம்பல் மண்ணாக இருந்தால் சிவக்கும். எங்களுக்கு அது சாதாரண விஷயம்.

உள்ளே குலவை கேட்டது.

"குங்குமங்க! அம்மா குங்குமமா வந்துட்டா!"

கழுவினாயா கழுவினாயா என்று நான் கத்தியது யார் காதில் விழுந்தது? சாயங்காலத்துக்குள் வாசலில் பதினான்கு பெண்கள். கோயில் தலைவர் ரெங்கசாமி வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மண்ணைக் கொண்டுவந்த கையாம்.

30 ஜூலை, புதன்

சயாவிடம் அறிக்கையை நீட்டினேன். கடைசி வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மலையிலயே இரும்பு வளையத்துல வெட்டி எடுத்துவந்த மண்ணை நானே அழுத்திப் பாத்தேன். பாறை மாதிரி நிக்குது. இது என்ன, குலுக்கினா கஞ்சி ஆகும்னு?"

"ஆகுது, சயா."

"மலையை யாரு குலுக்கப்போறா?"

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மார்ச் மாத நிலநடுக்கத்தில் விழுந்த விரிசல். அதை மறைக்கத்தான் நாள்காட்டி மாட்டியிருக்கிறோம். நாள்காட்டிக்கு மேலேயும் கீழேயும் விரிசல் தெரிகிறது.

ஆட்குறைப்பு பற்றி ஏதோ சொன்னார். கம்பெனிக்காரர்கள் கேட்காததை எழுதக்கூடாது என்றார். என் வயது ஐம்பத்து மூன்று. எங்கே போய் நிற்பேன்?

31 ஜூலை, வியாழன்

"உறுதியான மண்" என்று கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் முருகையா புது பூட்ஸ் காட்ட வந்தான். "எப்படி மச்சான்?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். நீயெல்லாம் ஒரு மனுஷனா சபாபதி?

2 ஆகஸ்ட், சனி

ரெங்கசாமி குங்கும மண்ணின் புகழைப் பரப்பிவிட்டார். பொப்பா மண் என்றதும் ஓட்டல் கம்பெனி இயக்குநரே நாளை சிறப்பு விருந்தினராக வருகிறாராம். எங்கள் சயாவும் கூட வருகிறார். அறிக்கையை அங்கேயே அம்மன் முன்னால் கையில் கொடுத்தால் நல்ல சகுனம் என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

வேலம்மா பட்டுச்சேலையைத் தேய்த்துக்கொண்டே பாடுகிறாள். நல்ல குரல் அவளுக்கு. மறந்துபோயிருந்தேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

வரிசையாக எழுதுகிறேன்.

மழை விட்டிருந்தது. இருபத்தொரு பெண்கள், தலையில் இருபத்தொரு சட்டி. முளை முழ உயரம், வெளுத்த பச்சையில், குட்டிக் காடு போல நின்றது. வேலம்மா முதலில். தெருவில் நடந்தவரை ஒன்றும் ஆகவில்லை. கோயில் முன்னால் வழக்கம்போல் மூன்று சுற்று கும்மி. மேளம் வேகம் பிடித்தது.

இரண்டாவது சுற்றில் வேலம்மாவின் நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அடுத்தவளுக்கும். யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அம்மன் காரியம், நிறுத்தலாமா? மூன்றாவது சுற்றில் இருபத்தொரு சட்டியும் ஒன்றாக விட்டுக்கொடுத்தன. மேலே வேர்கள் பின்னிப் பாயாகக் கிடந்தன, அடியில் மண் கஞ்சி. பாய் அப்படியே, முளை ஒன்றுகூடச் சாயாமல், நின்றபடியே வழுக்கி இறங்கியது. கும்பிட்டுக்கொண்டு முன்னால் நின்ற இயக்குநரின் வெறுங்கால்மேல் வேலம்மாவின் காடு வந்து நின்றது. கணுக்கால்வரை சேறு, அதற்குமேல் முழங்கால்வரை பயிர்.

மேளம் நின்றது.

"இது பொப்பா மண்ணேதானா?" என்றார் இயக்குநர்.

"பொப்பா மண்ணேதான், சயா" என்றாள் வேலம்மா, சேறு வழியும் முகத்தோடு, பெருமையாக. "சும்மா நின்னா பாறை, தட்டினா கஞ்சி. எங்க வீட்டுக்காரர் அம்மனுக்காக வரவழைச்சது."

இயக்குநர் எங்கள் சயாவைப் பார்த்தார். சயா என்னைப் பார்த்தார். அவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் என் கையெழுத்து. கூட்டத்தில் முருகையா அந்தப் புது பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

எப்படி வாய் திறந்ததோ தெரியாது. "அம்மனுக்கு வரவழைச்சதில்ல, சயா. உங்க சரிவு மண்ணுதான். சோதிக்க வந்தது. உறுதின்னு நான் போட்ட கையெழுத்து பொய். அதுக்குக் கீழ வீடு கட்டாதீங்க. மேல மரத்தை வெட்டாதீங்க."

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். நான் வேலம்மாவைப் பார்த்தேன். சேறு அப்பிய முகத்தில் கண் மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்க்கவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

"கம்பெனி மண்ணா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

கூடத்தில் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுக்க முடியாது. இயக்குநர் காலைக் கழுவியதும் சொன்ன முதல் வார்த்தை, குலுக்கிச் சோதித்து மறுபடி அறிக்கை கொடு என்பதுதானாம். குலுக்கிச் சோதிக்கும் கருவி எங்களிடம் கிடையாது; கையால் தட்டிப் பார்க்கும் முறை என்னை விட்டால் கூடத்தில் யாருக்கும் தெரியாது.

9 ஆகஸ்ட், சனி

சோறு வைக்கிறாள். தட்டு சத்தம் மட்டும்.

பின்னறைத் தரையில் சிந்திய மண் காய்ந்து கடுகு கடுகாகக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஊறவில்லை. பயமாக இருக்கிறது. மண்ணை நினைத்து இல்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

புது மூட்டைகள் வந்துவிட்டன: பழைய சரிவிலிருந்து இரண்டு, சாலைக்கு அந்தப்பக்கச் சமவெளியிலிருந்து ஒன்று. யார் சோதிப்பது? என் கையெழுத்தை இனி யார் நம்புவார்கள்? "அன்னைக்குப் பாறை, கஞ்சின்னு சொன்ன அம்மாவை வரச்சொல்லு" என்று இயக்குநரிடமிருந்து சேதி. சயா ஊ மின் தேய்ன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "மா வேலு" என்று இந்த ஊர் மரியாதையோடு கூப்பிட்டு, "நீங்கதான் வரணும்" என்றார். நான் கேட்டிருந்தால் வந்திருக்கமாட்டாள்.

18 ஆகஸ்ட், திங்கள்

காலையில் சோற்று அடுக்கோடு வேலம்மா கூடத்துக்கு வந்தாள். பட்டுச்சேலை. நேராகச் சோதனை அறைக்குள் போனாள். பின்னாலேயே போன என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆம்பளைங்க வரக்கூடாது" என்று கதவைச் சாத்தினாள். சயா பேசாமல் முக்காலி எடுத்துப் போட்டார். நான் வெளியே உட்கார்ந்தேன், நோட்டோடு. மெஹ்ரீன் சன்னலில் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

"முதல் மூட்டை. அதே ஊமைக்குசும்பன்தான். ஓடுது. இதுக்குக் கீழ ஆள் வைக்காதேன்னு எழுதுங்க."

"எழுதிட்டேன்."

"படிங்க."

படித்தேன். என்மேல் அவளுக்கு இனி நம்பிக்கை அவ்வளவுதான்.

"சமவெளி மூட்டை. மணலு. தட்டினா அப்படியே இருக்கு. முருகையா வீட்டை இங்க கட்டச் சொல்லுங்க."

எழுதினேன். சோதித்தவர் பெயர் என்ற இடத்தில் வேலம்மா என்றும் எழுதினேன்.

பிறகு மூன்றாவது மூட்டையைப் பிரிக்கும் சத்தம்.

"மூணாவது மூட்டைக்குள்ள பூவு இருக்கு. மல்லிகை. இதுவும் கம்பெனிதா?"

"இல்ல வேலு. அது நான் வாங்குனது. ஒரு முழம்."

கதவுக்கு அந்தப்பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஈரம் காயலை" என்றாள். "எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.