டோலி தூக்கியவர்கள்

20-1-1958, திங்கள்

காலையில் கடும் பனி. கரும்பலகையில் ஈரம் காயவில்லை, சுண்ணக்கட்டி பிடிக்கவில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு வரலாறு. 'அமெரிக்கப் பாதிரிமார் 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள்.' புத்தகத்தில் ஒரே வரி. எப்படி வந்தார்கள்? அன்றைக்கு ரோடு ஏது? அதன்பின் மோட்டார் ரோடு வரும்வரை எத்தனை துரைமார், துரைசாணிகள், பெட்டி படுக்கைகள்! எல்லாம் மனிதத் தோளில் டோலியில்தான் மலையேறின. புத்தகம் எழுதியவருக்கு அது தெரியவில்லையா, வேண்டாம் என்று விட்டாரா? நான் சொன்னேன். ரோடு வருவதற்கு முன் உங்கள் தாத்தா என்ன வேலை செய்தார் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன்.

ஹெட்மாஸ்டர் கஸ்பார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இது சிலபஸ்ல இல்லீங்களே டீச்சர்."

அவருக்கு வயது முப்பத்தொன்று. ட்ரெயினிங் முடித்தவர். நான் பங்களாவில் ஆயாவாக இருந்துகொண்டே எழுத்துக் கூட்டிப் படித்து, முப்பத்திரண்டாம் வயதில் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதியவள். இருபத்தாறு வருடமாகச் சம்பளத்தில் கடைசிப் படியிலேயே நிற்கிறேன். இருக்கட்டும்.

21-1

பிள்ளைகள் கேட்டு வந்தார்கள். ஒருவனின் தாத்தா குதிரை மேய்த்தவர். ஒருத்தியின் தாத்தா பங்களாத் தோட்டக்காரர். வடிவு எழுந்து, "எங்க தாத்தா ரோட்டுக் கண்ட்ராக்டர் டீச்சர்" என்றாள்.

"இல்லை. உன் தாத்தா நல்லசாமி டோலி தூக்கியவர். எனக்குத் தெரியும். உட்கார்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அதட்டி அடக்கினேன். தவறைத் திருத்துவதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

23-1

வடிவின் அப்பா திருமலைச்சாமி வந்தார். நாயுடுபுரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம்புள்ளைய ரோட்டுல 'டோலி, டோலி'ன்னு கூப்புடுதுக. கேட்டீங்களா?"

"கூப்பிடுகிறவர்களைத் தண்டிக்கிறேன்."

"அது கெடக்கட்டும். தப்பாச் சொல்லிட்டேன்னு புள்ளைங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் எம்மக இந்தப் பக்கம் வராது."

"உங்க அப்பா டோலி தூக்கினாரா, இல்லையா?"

குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சொல்ல மாட்டேன். வரலாற்றைக் காய்கறி போல ஆளுக்குத் தக்கபடி பொறுக்கிக் கொடுக்க என்னால் முடியாது.

24-1

வடிவு வரவில்லை.

3-2

பத்து நாளாயிற்று. கஸ்பார் கூப்பிட்டுப் பேசினார். "ஏப்ரல் பரீட்சை எழுதலைன்னா ஆறாவதுல சேக்க மாட்டாங்க டீச்சர். அந்தப் புள்ள கதி என்னாகும்? ரிட்டயர்மெண்டுக்கு மேல எக்ஸ்டென்ஷன் கேட்ட உங்க பேப்பரும் போயிருக்கு. பள்ளிக்கூடக் கமிட்டியில வடிவோட அப்பாவும் ஒரு மெம்பர்."

"பயமுறுத்துறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. உள்ளதச் சொல்றேன்."

நானும் உள்ளதைத்தான் சொன்னேன். அதற்குத்தான் இத்தனை கூத்தும்.

9-2, ஞாயிறு

பூசை முடிந்து நாயுடுபுரம் வழியாக வந்தேன். வேண்டுமென்றா அந்த வழியில் வந்தேன்? தெரியவில்லை. மண்டி வாசலில் சாக்கின் மேல் உட்கார்ந்து வடிவு கேரட்டில் மண் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். எழுந்து நிற்கவும் இல்லை.

அவள் அம்மா கந்தம்மாள் வெளியே வந்தாள். "ஒரு வார்த்தைதான டீச்சர். சொன்னா நாக்கு வெந்தா போயிரும்?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீங்க சொன்ன நெசத்துனாலதான் எம்புள்ள இங்கன உக்காந்து கெடக்கு. பொம்பளப் புள்ள. இந்த வருசம் விட்டுப்போச்சுன்னா மண்டியோட சரி. ரெண்டு வருசத்துல மாப்பிள்ளை பாத்துருவாரு அந்த மனுசன்."

என் மேல் என்ன தவறு? இருந்தால் யாராவது காட்டட்டும்.

24-2

காட்டிவிட்டார்.

பஸ் நிற்கும் இடத்தில் திருமலைச்சாமியை நானே மறித்தேன். "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. நம்ம வழக்கை அப்புறம் பார்ப்போம்" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கப்பன் தூக்குனாரு. சரி, ஒத்துக்கிடுறேன். தூக்க வச்சது யாரு? டோலி மேஸ்திரி சூசை. அவரு யாரோட அப்பா? அந்தப் பாடத்த நடத்துனீங்களா கித்தேரி டீச்சர்?"

யாரோ சிரித்தார்கள். நடந்தே அட்டுவம்பட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

25-2

என் அப்பா சூசை. ஒரு டோலிக்கு நாலு பேர், மாற்றுக்கு நாலு பேர். வளைவில் யாராவது தோளைத் தளர்த்தினால் பின்னாலிருந்து அப்பாவின் அடி விழும். எனக்கு ஆறு வயது. ஒருநாள் கூடவே நடந்து வந்தேன்; பார்த்தேன். அடி வாங்கியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் அப்பா என்னை ஒரு சொல் கடிந்ததில்லை.

இந்த நோட்டில்கூட இதை இதுவரை எழுதியதில்லை. ஏன்? இதுவும் சிலபஸில் இல்லையோ?

அடுத்தவரின் அப்பாவைப் பற்றி எவ்வளவு சுலபமாக வாய் வந்தது!

4-3

நாளை பத்து மணிக்குப் பிள்ளைகள் முன்னால் பேசுகிறேன், திருமலைச்சாமியை வரச் சொல்லுங்கள் என்றேன். கஸ்பாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல முடிவு டீச்சர்." என்ன பேசப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

5-3, புதன்

வந்தார். வாசற்படியிலேயே நின்றார். பக்கத்தில் வடிவு, தலை நிறைய எண்ணெய் வைத்து வாரி.

"ஜனவரியில் நான் பாதிப் பாடம்தான் நடத்தினேன். அது தவறு. நல்லசாமி டோலி தூக்கினார். அதில் மாற்றமில்லை" என்றேன். திருமலைச்சாமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "நில்லுங்க" என்று சத்தம் போட்டேன். நின்றார்.

"தூக்கியவர்களை மூங்கில் கம்பால் அடித்து நடக்க வைத்தவர் மேஸ்திரி சூசை. அவர் என் அப்பா." அதையே பலகையில் எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு மோசமாக என்றும் இருந்ததில்லை.

முன் வரிசையில் ஒருவன் கேட்டான்: "எதுக்கு டீச்சர் அடிச்சாரு?"

"தெரியாது." வகுப்பில் நின்றுகொண்டு நான் அந்தச் சொல்லைச் சொன்னது இதுவே முதல் தடவை.

யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூங்கில் இல்லீங்க" என்றார் திருமலைச்சாமி.

எனக்கு முதலில் புரியவில்லை.

"பிரம்பு. எங்காத்தா எண்ணெ தேச்சு விடுறப்ப எங்கப்பன் முதுகப் பாத்திருக்கேன். மூங்கில்னா அந்த மாதிரித் தழும்பு விழாது."

நான் மூங்கில் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நான் பார்த்தது ஒரு நாள். அவர் தினமும் பார்த்தவர். அழித்துவிட்டு 'பிரம்பால்' என்று எழுதினேன். சரியா என்று அவரைக் கேட்டேன். தலையை ஆட்டினார்.

"போ. போயி உக்காரு" என்றார் மகளிடம். படியிறங்கிப் போய்விட்டார்.

எல்லோர் முன்னாலும் அன்றைக்கு உன்னை அப்படி உட்கார வைத்தது தப்பு என்று வடிவிடம் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

24-4

எக்ஸ்டென்ஷன் இல்லை. முப்பதாம் தேதியோடு விடுவிக்கிறார்கள். "கமிட்டியில திருமலைச்சாமி எதுத்துப் பேசலீங்க டீச்சர். ட்ரெயினிங் இல்லைங்கறதுதான் காரணம்" என்றார் கஸ்பார். நம்புகிறேன். அந்தக் காரணத்துக்கு இருபத்தாறு வயது ஆகிறது.

ஐந்தாம் வகுப்பு வரலாற்றுத் தாள்களைத் திருத்தி முடித்தேன். வடிவு, ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. ஆறு வாரப் பாடம் விட்டுப்போனவளுக்கு இது நல்ல மதிப்பெண். இரண்டு இடத்தில் ஆண்டைத் தப்பாக எழுதியிருக்கிறாள், குறைத்துவிட்டேன். ஆறாவதுக்குப் போகிறாள்.