வேளைக்கு வராத முதுகு

மார்ச் 4

இரண்டாம் மாடியிலிருந்து ஓர் இரும்பு பீரோ. வீடு மாற்றித் தரும் வேலையில் நானும் மச்சினனும் எண்ணித் தூக்குவதில்லை. அவன் ஒரு செருமல் செருமுவான், இருவரும் நிமிர்வோம். இத்தனை வருடமாக அதுதான் கணக்கு. இன்றும் செருமினான். என் கை போனது, முதுகு பிறகுதான் வந்தது. பீரோ அவன் பக்கம் சாய்ந்தது.

"என்ன மாமா, தூக்கமா?" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 5

ஏன் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறேன் என்று மனைவி கேட்டாள். துரையாகிவிட்டேன் என்றேன்.

மார்ச் 12

ஃப்ரிட்ஜ். படிக்கட்டுத் திருப்பம். மறுபடி அதே தாமதம் — பாரம் முழுக்க அவன் கால் கட்டைவிரலில். நகம் கறுத்துவிட்டது. வீட்டுக்காரரிடம், "வழுக்கிடுச்சு சார்" என்கிறான்.

எங்கடா வழுக்கிச்சு? நான்தானேடா லேட்டு!

பயமாக இருக்கிறது. அடுத்த முறை நகத்தோடு போகுமா? அறுபது வயதில் இதை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

மார்ச் 15

பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு காலிப் பெட்டியையும் கனமான பெட்டியையும் தூக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே மாதிரி விறைச்சுக்கறீங்க. வயசானா வயித்துத் தசையும் முதுகுத் தசையும் ஒண்ணா இறுகிக்கும். உடம்பு தன்னைக் காப்பாத்திக்கத்தான். ஆனா குனிஞ்சு நிமிர நேரமாகும்."

"பலம் போயிடுச்சாம்மா?"

"பலம் இருக்கு. வேளைக்கு வரல."

என் மகனைப் பற்றிச் சொல்கிறாளோ என்று நினைத்தேன்.

மார்ச் 18

வேறு ஆள் பார்த்துக்கொள் என்று மச்சினனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் கால்ல அடிபட்டதுலேர்ந்து ரெண்டு தடவ செருமறேனே, கவனிக்கலையா? முதல் செருமல் உங்களுக்கு மட்டும்."

நான் அவனுக்குச் சளி என்றல்லவா நினைத்திருந்தேன்! "வாயைத் திறந்து எண்ணித் தொலைக்க வேண்டியதுதானேடா?" என்று கத்தினேன்.

"எண்ணினா நீங்க கோச்சுக்குவீங்க."

வாஸ்தவம்தான்.

மார்ச் 20

வாஷிங் மெஷின். நானே உரக்க எண்ணினேன். மூன்று என்றதும் நிமிர்ந்தேன். அதன் பிறகுதான் அவன் பக்கம் எழுந்தது. முகத்தைப் பார்த்தேன். எனக்காகக் காத்திருந்த முகமில்லை அது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். என்னைவிட ஏழு வயது சின்னவன்.

அடுத்த மாடியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கொஞ்சம் நிறுத்தி எண்ணினேன்.